முரட்டுக் கரங்களும் ஈரமான கண்களும்: இந்தித் திரையின் ‘ஹீ-மேன்’ தர்மேந்திராவின் திரைப்பயணம்

இந்தித் திரையுலகில் ‘ஹீ-மேன்’ என்ற அடைமொழியுடன் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வலம்வந்தவர் தர்மேந்திரா. 2025ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் தேதி மும்பையில் தமது 89ஆவது வயதில் அவர் காலமானார். 90ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரங்களே எஞ்சியிருந்தன. சுமார் 300 திரைப்படங்களில் நடித்த அவரது பெயரைக் கேட்டதும் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது அகன்ற தோள்கள், முறுக்கிய கை, எதிரியை நோக்கிய கர்ஜனை ஆகியவைதாம். எனினும், அவரது திரைப்பட வரிசையை முதலிலிருந்து பார்த்தால், அந்த முரட்டுப் பிம்பம் எப்படி உருவானது, அது அவருக்கு எதைக் கொடுத்தது, எதை மறைத்தது என்பது விளங்கும்.

பஞ்சாபிலிருந்து பம்பாய்க்கு

பஞ்சாப் மாநிலம் லூதியானா மாவட்டத்தில் உள்ள நஸ்ராலி கிராமத்தில் 1935ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி தர்மேந்திரா பிறந்தார். இளமைப் பருவம் அருகில் உள்ள சாஹ்னேவாலில் கழிந்தது. தந்தை கேவல் கிஷன் சிங் தியோல் பள்ளித் தலைமையாசிரியர். கண்டிப்பான ஆசிரியரின் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் திரைப்படத்தின்மீது தீராத மோகம் ஏற்பட்டது. திலீப் குமாரின் படங்களைப் பார்த்து, தாமும் ஒருநாள் திரையில் தோன்ற வேண்டும் என்று ஆசைப்பட்டதைப் பிற்காலத்தில் பல மேடைகளில் அவர் நினைவுகூர்ந்துள்ளார்.

‘ஃபிலிம்ஃபேர்’ இதழ் புதுமுகங்களுக்காக நடத்திய திறமைத் தேடலில் தேர்வானதே அவரைப் பம்பாய்க்குக் கொண்டுவந்தது. அர்ஜுன் ஹிங்கோரானி இயக்கிய ‘தில் பீ தேரா ஹம் பீ தேரே’ திரைப்படம் 1960இல் வெளியானது. அதுவே அவரது முதல் படம். திரையுலகில் அவருக்குப் பின்புலமோ உறவினர் துணையோ இல்லை. வாய்ப்புக்காகத் தயாரிப்பு நிறுவனங்களின் வாசல்களில் காத்திருந்த காலமும் அவருக்கு இருந்தது.

தொடக்க ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த வேடங்களில் முரட்டுத்தனத்தின் சாயல் குறைவு. பிமல் ராய் இயக்கிய ‘பந்தினி’ (1963) படத்தில், கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை அனுபவிக்கும் பெண்ணைக் காதலிக்கும் சிறை மருத்துவராக அவர் நடித்தார். நூதன் ஏற்ற அந்தக் கதாபாத்திரம் இறுதியில் தன் பழைய காதலரைத் தேடிச் சென்றுவிட, மருத்துவரின் அன்பு நிறைவேறாமலேயே நின்றுவிடுகிறது. 1962ஆம் ஆண்டு சீனப் போரைப் பின்னணியாகக் கொண்டு சேத்தன் ஆனந்த் இயக்கிய ‘ஹகீகத்’ (1964) படத்தில் இளம் ராணுவ அதிகாரியாகத் தோன்றினார். மென்மையான குரலும் கூச்சம் கலந்த புன்னகையும் கொண்ட காதல் நாயகன் என்பதே அன்றைய தர்மேந்திராவின் அடையாளம்.

சட்டையைக் கழற்றிய காட்சி

இந்த அடையாளத்தை மாற்றிய படம் ஓ.பி.ரல்ஹன் இயக்கத்தில் 1966இல் வெளியான ‘பூல் அவுர் பத்தர்’. மலரும் கல்லும் என்பது தலைப்பின் பொருள். இதில் அவர் ஏற்ற வேடம் ஷாகா என்ற குற்றவாளி. கொள்ளைநோய்க்கு அஞ்சி மக்கள் வெளியேறிய ஊரில் திருடுவதற்காக ஒரு வீட்டுக்குள் நுழையும் ஷாகா, நோயுற்ற நிலையில் குடும்பத்தினரால் கைவிடப்பட்ட இளம் விதவையைக் காண்கிறான். திருட வந்தவன் அவளுக்குப் பணிவிடை செய்து உயிரைக் காப்பாற்றுகிறான். விதவையாக மீனா குமாரி நடித்தார்.

அந்த ஆண்டின் மிகப்பெரிய வெற்றிப் படங்களில் ஒன்றாக அது அமைந்தது. சிறந்த நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதுக்கு அவரது பெயர் பரிந்துரைக்கப்பட்டது. கதாநாயகன் சட்டையின்றித் தோன்றியது அன்றைய இந்திப் படங்களில் புதுமையாகப் பேசப்பட்டது. ஆனால், அந்தக் காட்சியின் சூழல் காலப்போக்கில் மறக்கப்பட்டுவிட்டது. சாலையோரம் ஆதரவற்றுக் கிடக்கும் மூதாட்டிக்குப் போர்த்துவதற்காகவே ஷாகா தன் சட்டையைக் கழற்றுகிறான். உடல் வலிமையின் அடையாளமாகப் பிற்காலத்தில் கொண்டாடப்பட்ட அந்தத் தருணம், கதையில் இரக்கத்தின் வெளிப்பாடாகவே இடம்பெற்றது.

தர்மேந்திராவின் முரட்டு நாயகர்களைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டும் இயல்பு இங்கேயே தொடங்குகிறது. அவர்கள் பலசாலிகள், ஆனால் கொடியவர்கள் அல்லர். கோபப்படுவார்கள், அதே வேகத்தில் கண் கலங்குவார்கள். ஆண் அழுவது பலவீனம் என்ற எண்ணம் வலுவாக இருந்த காலத்தில், பத்துப் பேரை அடித்து வீழ்த்தும் நாயகன் தாயின் முன்போ நண்பனின் உடலருகிலோ தயக்கமின்றி அழுவதை ரசிகர்கள் ஏற்றுக்கொண்டனர்.

இரு முகங்கள்

‘பூல் அவுர் பத்தர்’ வெளியான அதே 1966ஆம் ஆண்டில், ஹிருஷிகேஷ் முகர்ஜியின் ‘அனுபமா’வும் வந்தது. தந்தையின் புறக்கணிப்பால் பேச்சையே மறந்தவள்போல் வாழும் பெண்ணுக்குத் தன்னம்பிக்கை ஊட்டும் எழுத்தாளர் வேடத்தை அதில் தர்மேந்திரா ஏற்றார். ஒருபுறம் ஷாகா, மறுபுறம் அமைதியான எழுத்தாளர் என இரு வேறு திசைகளில் ஒரே ஆண்டில் அவரால் பயணிக்க முடிந்தது.

1968இல் ராமானந்த் சாகர் இயக்கிய ‘ஆங்கேன்’ அவரை உளவாளியாகக் காட்டியது. அடுத்த ஆண்டே ஹிருஷிகேஷ் முகர்ஜி ‘சத்யகாம்’ படத்தை அவருக்கு அளித்தார். நாராயண் சன்யாலின் வங்க நாவலைத் தழுவிய இப்படத்தில், சத்தியத்தை உயிராகப் போற்றும் பொறியாளர் சத்யப்பிரியாக அவர் நடித்தார். விடுதலை பெற்ற நாட்டில் நேர்மைக்கு இடமிருக்கும் என்று நம்பும் அந்த இளைஞன், லஞ்சத்துக்கும் சமரசத்துக்கும் இணங்காததால் ஒவ்வொரு வேலையாக இழந்து நோயில் வீழ்கிறான். அவன் யாரையும் அடிப்பதில்லை. அவனது உறுதி முழுவதும் மறுப்பதில்தான் இருக்கிறது. சிறந்த இந்தித் திரைப்படத்துக்கான தேசிய விருதை ‘சத்யகாம்’ பெற்றது. வசூலில் அது வெற்றி பெறவில்லை. எனினும் தர்மேந்திராவின் சிறந்த நடிப்பாக விமர்சகர்கள் இன்றளவும் முதலில் குறிப்பிடுவது இந்தப் படத்தையே.

ரசிகர் கூட்டமும் வசூலும் எந்தத் திசையில் இருந்தனவோ, அந்தத் திசையிலேயே அவரது பயணம் அமைந்தது. ராஜ் கோஸ்லா இயக்கிய ‘மேரா காவ் மேரா தேஷ்’ (1971) அதற்கு வழிவகுத்தது. சிறு திருட்டுகளில் ஈடுபட்ட இளைஞன், ஒரு கையை இழந்த முன்னாள் ராணுவ வீரரின் ஆதரவில் கிராமத்துக்கு வந்து, ஊரை மிரட்டும் கொள்ளையன் ஜப்பர் சிங்கை எதிர்க்கும் கதை அது. கொள்ளையனாக வினோத் கன்னாவும், முன்னாள் வீரராக ஜெயந்தும் நடித்தனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த ‘ஷோலே’யின் சாயலை இக்கதையில் காணலாம். ‘ஷோலே’யில் கப்பர் சிங்காக நடித்த அம்ஜத் கான், ஜெயந்தின் மகன் என்பது குறிப்பிடத்தக்கது.

1973ஆம் ஆண்டு அவரது செல்வாக்கின் உச்சங்களில் ஒன்று. ‘ஜுக்னு’, ‘லோஃபர்’, ‘யாதோங் கி பாராத்’ உள்ளிட்ட படங்கள் அந்த ஓராண்டிலேயே வெளியாயின. வில்லனை நாயே என விளித்து, அவனது ரத்தத்தைக் குடிப்பதாகச் சூளுரைக்கும் அவரது கர்ஜனை பலகுரல் கலைஞர்களின் மேடைகளில் இன்றும் ஒலிக்கிறது.

‘ஷோலே’யின் வீரு

ரமேஷ் சிப்பி இயக்கத்தில் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி வெளியானது ‘ஷோலே’. கர்நாடக மாநிலம் ராமநகரத்தின் பாறைக் குன்றுகளுக்கிடையே படமாக்கப்பட்ட இப்படம், மும்பை மினர்வா திரையரங்கில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் ஓடியது. சலீம்-ஜாவேத் இரட்டையர் எழுதிய கதையில் தர்மேந்திரா ஏற்ற வேடம் வீரு. அமிதாப் பச்சனின் ஜெய் குறைவாகப் பேசுபவன், உணர்ச்சியை வெளிக்காட்டாதவன். வீருவோ வாய் ஓயாதவன், காதலில் மூழ்கியவன், குடித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மீதேறித் தற்கொலை மிரட்டல் விடுப்பவன்.

நகைச்சுவைக்குப் பெயர்பெற்ற அந்தத் தண்ணீர்த் தொட்டிக் காட்சிக்கும், நண்பன் ஜெய் மடியில் உயிர்விடும்போது வீரு கதறும் காட்சிக்கும் இடையே உள்ள தொலைவைக் கடப்பது எளிதன்று. கப்பர் சிங்கின் இருப்பிடத்தை நோக்கி வீரு தனியாக விரையும்போது ரசிகர்கள் காண்பது கடமை வீரனை அல்ல, துக்கத்தால் மூர்க்கம் கொண்ட நண்பனை. அவரது முரட்டுத்தனம் எங்கிருந்து பிறந்தது என்பதற்கு இக்காட்சி நல்ல சான்று.

‘ஷோலே’ வெளியான அதே ஆண்டில் ஹிருஷிகேஷ் முகர்ஜியின் ‘சுப்கே சுப்கே’யும் வெளிவந்தது. மனைவியின் அக்காள் கணவரை ஏமாற்றுவதற்காகக் கார் ஓட்டுநராக வேடமிட்டு, தூய இந்தியில் பேசி அவரைத் திணறடிக்கும் தாவரவியல் பேராசிரியராகத் தர்மேந்திரா நடித்தார். ஒரு சண்டைக் காட்சிகூட இல்லாத இந்த நகைச்சுவைப் படம், இந்தியின் சிறந்த நகைச்சுவைப் படங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இருவகைக் கோபம்

எழுபதுகளின் இந்தித் திரையில் ‘கோபக்கார இளைஞன்’ என்ற புதிய நாயகன் எழுந்தான். அதன் முகமாக விளங்கியவர் அமிதாப் பச்சன். அப்போக்கைத் தொடங்கி வைத்த ‘ஜஞ்சீர்’ (1973) படத்தின் கதை முதலில் தர்மேந்திராவிடம்தான் இருந்தது. அவர் அதில் நடிக்க இயலாமல் போகவே, வாய்ப்பு அமிதாப்பைச் சென்றடைந்தது.

இருவரது கோபமும் ஒன்றல்ல. அமிதாப்பின் நாயகன் அமைப்பின்மீது சினம் கொண்டவன், காவல்துறையும் நீதிமன்றமும் தன்னைக் கைவிட்டன என்ற உணர்வு கொண்ட நகரத்து மனிதன். தர்மேந்திராவின் நாயகனுக்கு எதிரி யார் என்பது தெளிவாகத் தெரியும். தங்கையையோ தாயையோ நண்பனையோ ஊரையோ துன்புறுத்தியவனே அவனது எதிரி. பழி தீர்ந்ததும் அவனது கோபமும் தணிந்துவிடும். பஞ்சாப் கிராமத்து உழவனின் உடல்மொழியும் மண்வாசனை கலந்த பேச்சும் கொண்ட இந்த நாயகனை, வட இந்தியச் சிற்றூர்களின் ரசிகர்கள் தங்களில் ஒருவனாகவே கண்டனர். ‘பிரதிக்யா’ (1975) படத்தில் தன்னைக் கள்ளமற்ற ஜாட் கிறுக்கனாக அவர் அறிமுகப்படுத்திக்கொள்ளும் பாடல் அத்தகைய வரவேற்பைப் பெற்றது. 2011இல் தம் மகன்கள் சன்னி, பாபி ஆகியோருடன் அவர் நடித்த ‘யம்லா பக்லா தீவானா’ படத்தின் தலைப்பு அப்பாடலிலிருந்து பிறந்ததே.

தமிழ்த் திரையுடன் தொடர்பு

தர்மேந்திராவின் படங்கள் தமிழ் ரசிகர்களைப் பெரும்பாலும் மறுஆக்கங்களின் வழியாகவே வந்தடைந்தன. ‘பூல் அவுர் பத்தர்’ படத்தின் தமிழ் வடிவமே எம்.ஜி.ஆரின் 100ஆவது படமான ‘ஒளிவிளக்கு’ (1968). ‘யாதோங் கி பாராத்’, எம்.ஜி.ஆர் இரட்டை வேடத்தில் நடித்த ‘நாளை நமதே’ (1975) ஆனது. ‘சத்யகாம்’ படத்தைத் தழுவிக் கே.பாலசந்தர் ‘புன்னகை’யை (1971) இயக்கினார். அதில் ஜெமினி கணேசன் நடித்தார். தர்மேந்திராவின் முரட்டு வேடத்தை எம்.ஜி.ஆரும், மென்மையான வேடத்தை ஜெமினி கணேசனும் ஏற்றனர். தமிழில் இரு நாயகர்களிடம் பிரிந்து சென்ற இயல்புகளை இந்தியில் ஒருவரே சுமந்திருந்தார்.

நேரடித் தொடர்பும் உண்டு. சாண்டோ சின்னப்பா தேவர் தயாரிப்பில் எம்.ஏ.திருமுகம் இயக்கிய ‘மா’ (1976) என்ற இந்திப் படத்தில், காட்டு விலங்குகளைப் பிடித்து விற்கும் இளைஞனாகத் தர்மேந்திரா நடித்தார். அதில் அவருக்கு இணையாக நடித்தவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்து இந்தித் திரையின் ‘கனவுக் கன்னி’யாக உயர்ந்த ஹேமமாலினி. ‘தும் ஹசீன் மேய்ன் ஜவான்’ (1970) படத்தில் முதன்முதலாக இணைந்த இருவரும், ‘சீதா அவுர் கீதா’, ‘ஷோலே’, ‘ட்ரீம் கேர்ல்’ எனப் பல படங்களில் ஜோடியாகத் தோன்றினர். 1980இல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். 1954இலேயே பிரகாஷ் கவுரை மணந்திருந்த தர்மேந்திரா, முதல் மணத்தை முறித்துக்கொள்ளவில்லை. இரண்டு குடும்பங்களைக் கொண்ட அவரது தனிவாழ்வு ஊடகங்களில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது.

பிம்பம் கேட்ட விலை

எண்பதுகளில் தர்மேந்திராவின் படங்கள் பெருமளவில் ஒரே வார்ப்புக்குள் அடங்கின. அநியாயம், சபதம், துப்பாக்கி, வெடிகுண்டு, பழிவாங்கல் என்ற வாய்பாடு மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டது. அனில் சர்மா இயக்கிய ‘ஹுகூமத்’ (1987) பெரும் வெற்றி பெற்று, ஐம்பது வயதைக் கடந்த பிறகும் அவருக்கு இருந்த சந்தை மதிப்பை நிரூபித்தது. ஜே.பி.தத்தாவின் ‘குலாமி’ (1985) நிலவுடைமைச் சாதிக் கொடுமையை எதிர்க்கும் இளைஞனின் கதையைச் சொல்லி, அதே முரட்டு நாயகனுக்குச் சமூகப் பொருளையும் சேர்த்தது. ஆனால் அத்தகைய படங்கள் அரிதாகவே வந்தன.

தொண்ணூறுகளில் நிலை மேலும் மாறியது. குறைந்த செலவில் அவசரமாக எடுக்கப்பட்ட பல அதிரடிப் படங்களில் அவர் நடித்தார். அவை பெருநகரத் திரையரங்குகளை எட்டாமல், சிற்றூர்க் கொட்டகைகளில் அவரது பெயருக்காகவே ஓடின. தமது மதுப்பழக்கம் ஏற்படுத்திய பாதிப்புகள் குறித்தும் அவர் பிற்காலத்தில் ஒளிவுமறைவின்றிப் பேசினார்.

இத்தனை நீண்ட பயணத்தில், சிறந்த நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதை அவர் ஒருமுறைகூடப் பெறவில்லை. பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் விருது கைநழுவியது. 1997இல் வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கப்பட்டபோது, தாம் இளமையில் போற்றிய திலீப் குமாரின் கையாலேயே அதைப் பெற்றுக்கொண்டார். அதிரடி நாயகன் என்ற முத்திரை, அவரை ஒரு நடிகராக எடைபோடுவதற்குத் தடையாக அமைந்தது என்பது விமர்சகர்கள் பலரின் கருத்து. அவரை உச்சத்துக்கு ஏற்றிய பிம்பமே அவருக்குத் திரையாகவும் நின்றது.

தயாரிப்பும் அரசியலும்

தமது ‘விஜேதா ஃபிலிம்ஸ்’ நிறுவனத்தின் மூலம் மூத்த மகன் சன்னி தியோலை ‘பேதாப்’ (1983) படத்திலும், இளைய மகன் பாபி தியோலை ‘பர்சாத்’ (1995) படத்திலும் தர்மேந்திரா அறிமுகப்படுத்தினார். ராஜ்குமார் சந்தோஷி இயக்கத்தில் அவர் தயாரித்த ‘காயல்’ (1990), சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. விஜயகாந்த் நடித்த ‘பரதன்’ (1992) இப்படத்தின் தமிழ் வடிவமாகும். தந்தையின் முரட்டு நாயக மரபைச் சன்னி தியோல் தொடர்ந்தபோது, அந்தக் கோபத்தில் தந்தையிடம் இருந்த குறும்பு குறைந்து, இறுக்கம் கூடியிருந்தது.

2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி சார்பில் ராஜஸ்தானின் பிகானேர் தொகுதியில் போட்டியிட்டு வெற்றி பெற்றார். நாடாளுமன்றக் கூட்டங்களிலும் தொகுதியிலும் அவரைக் காண்பது அரிது என்ற விமர்சனம் எழுந்தது. 2009க்குப் பிறகு அவர் தேர்தலில் நிற்கவில்லை. 2012இல் மத்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது.

முதுமையில் திரும்பிய மென்மை

2007ஆம் ஆண்டு அவரது முதுமைக்கால நடிப்பில் ஒரு திருப்புமுனை. அனுராக் பாசுவின் ‘லைஃப் இன் எ மெட்ரோ’வில், பல்லாண்டுகளுக்கு முன் பிரிந்த காதலியைத் தேடித் திரும்பும் முதியவராகவும், ஸ்ரீராம் ராகவனின் ‘ஜானி கத்தார்’ படத்தில் சேஷாத்ரி என்ற கும்பல் தலைவராகவும் நடித்தார். ‘அப்னே’ படத்தில் இரு மகன்களுடன் குத்துச்சண்டை வீரராகத் தோன்றினார். மூன்று படங்களிலும் அவர் குரலை உயர்த்த வேண்டிய தேவை குறைவாகவே இருந்தது.

கரண் ஜோஹர் இயக்கிய ‘ராக்கி அவுர் ராணி கி பிரேம் கஹானி’ (2023) படத்தில், நினைவுகள் மங்கிய நிலையிலும் பழைய காதலை மறக்காத தாத்தாவாக வந்தார். ஷபானா ஆஸ்மியுடனான அவரது காட்சிகள் இளைய தலைமுறையிடமும் பேசுபொருளாயின. ஓய்வு நாட்களை லோனாவாலா பண்ணை வீட்டில் கழித்த அவர், உருதுக் கவிதைகள் எழுதுவதில் ஈடுபாடு காட்டினார். வயலும் கால்நடைகளும் நிறைந்த காணொளிகளைச் சமூக ஊடகங்களில் பகிர்ந்து புதிய ரசிகர்களையும் பெற்றார்.

2025 நவம்பரில் அவர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டிருந்தபோது, நவம்பர் 11ஆம் தேதி அவர் இறந்துவிட்டதாகத் தவறான செய்தி பரவியது. அவர் சிகிச்சைக்கு ஒத்துழைத்து வருவதாகக் குடும்பத்தினர் மறுப்பு வெளியிட்டனர். பின்னர் வீடு திரும்பிய அவர், இரு வாரங்களுக்குள் காலமானார்.

அவரது மறைவுக்குப் பின் 2026 ஜனவரி 1ஆம் தேதி வெளியான ‘இக்கீஸ்’ படத்தையும் ஸ்ரீராம் ராகவனே இயக்கினார். 1971ஆம் ஆண்டுப் போரில் 21 வயதில் உயிர்நீத்து, பரம்வீர் சக்ர விருது பெற்ற இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபாலின் வரலாறு அது. அருணாக நடித்தவர், ‘ஷோலே’யில் ஜெய்யாக நடித்த அமிதாப் பச்சனின் பேரன் அகஸ்தியா நந்தா. போர்க்களத்தில் மகனைப் பறிகொடுத்த தந்தை பிரிகேடியர் கேத்ரபாலின் வேடத்தில் தர்மேந்திரா தோன்றினார். பழிவாங்கும் நாயகனாகவே நாடறிந்த நடிகர் கடைசியாக ஏற்ற வேடம், பகையைக் கடந்து இழப்பைச் சுமக்கும் ஒரு தந்தையின் வேடமாக அமைந்தது.